கவுன்சிலர்னா எந்த வார்டு?



நான் புளியங்குடியிலிருந்து வருகிறேன். எலுமிச்சம்பழ ஊர். மேற்கே மலை, நடுவிலே மதுரை - தென்காசி ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மூட்டை மூட்டையாய்ப் பழம். அந்த ஊரில் நான் பார்க்கிற வேலைக்கு இன்னும் சரியான பெயர் கிடைக்கவில்லை. அதனால் பட்ட அவதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கல்யாண வீடு. பந்தியில் பக்கத்து இலையிலே தூரத்துச் சொந்தத்தில் ஒரு மாமா. "நீ என்ன வேலை பாக்கே தாயி?" என்று கேட்டார். "ஸ்கூல்ல கவுன்சிலரா இருக்கேன் மாமா" என்றேன். அவ்வளவுதான், மனுஷர் சாம்பார் ஊற்ற வந்தவரைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "கவுன்சிலரா? சொல்லவே இல்லையே! எந்த வார்டு? எங்க தெரு வாறுகால் அடைச்சு ஒரு மாசமாச்சு. யாரும் எட்டிப் பாக்கல. ஒன்னயத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்!"

(சிரிப்பு)

அவருக்குப் புரியவைப்பதற்குள் பாயசம் வந்துவிட்டது. "மாமா, நான் ஓட்டு வாங்கின கவுன்சிலர் இல்லை. சின்னப் பிள்ளைங்க மனசுல ஏதாவது கஷ்டம் இருந்தா கூப்பிட்டுப் பேசுற கவுன்சிலர்" என்றேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "சின்னப் பிள்ளைக்கு என்னத்தா கஷ்டம்? அதுகளா கடன் கட்டுது?" என்றார்.

நடுவர் அவர்களே, இன்றைய தலைப்பு 'பிள்ளைகளின் மனச்சுமையை இறக்கி வைப்பது வீடா, பள்ளியா?' அந்த மாமா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இந்தத் தலைப்புக்குள்ளேயே போக முடியாது. எதிரணியில் பேசிய அண்ணாச்சியும் வேறு வார்த்தையில் அதையேதான் கேட்டார். "எங்க காலத்துல கவுன்சிலரா இருந்தாங்க? நாங்க வளரலையா?" என்றார். நல்ல கைதட்டல் வாங்கினார்.

அண்ணாச்சி, உங்க காலத்திலும் இருந்தாங்க. சம்பளம் வாங்காத கவுன்சிலர்கள். திண்ணையில் ஆச்சி இருந்தாள். அடுத்த வீட்டில் அத்தை இருந்தாள். அப்பா அடித்தால் ஓடிப் போய் ஒளிந்துகொள்ள ஒரு முந்தானை இருந்தது. இன்றைக்கு அப்பா துபாயில். சித்தப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில். ஆச்சி இருக்கிறாள், ஆனால் அவளும் பேரனும் ஆளுக்கொரு செல்போனில் இருக்கிறார்கள். அதைவிட இன்னொன்று சொல்லணும். 'நாங்க வளரலையா'ன்னு மேடையேறிக் கேட்க, வளர்ந்தவர்களால் மட்டும்தானே முடியும்? நடுவிலே உடைந்து போனவர்கள் இங்கே வந்து மைக் பிடித்துச் சொல்ல மாட்டார்கள்.

(கைதட்டல்)

சரி, என் வேலை என்ன? முதலில் என் வேலை என்ன இல்லை என்று சொல்கிறேன். அப்பாமார்கள் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்து வருவார்கள். "டீச்சர், இவனுக்கு நல்லா நாலு புத்தி சொல்லி அனுப்புங்க." நான் சொல்வேன்: "அய்யா, புத்தி சொல்ல நம்ம ஊரில் ஆள் பஞ்சமே கிடையாது. நீங்க சொல்றீங்க, தாத்தா சொல்றார், டியூஷன் சார் சொல்றார், டீக்கடையில் முகம் தெரியாதவர்கூட 'படிடா தம்பி'ன்னு சொல்றார். இவன் காது நிறைய புத்திதான் இருக்கு. இவன் சொல்றதைக் கேட்கத்தான் ஒரு காதும் இல்லை." கவுன்சிலிங் என்றால் புத்திமதி இல்லை. பிள்ளை தன் கஷ்டத்தைத் தன் வாயால் சொல்கிற வரைக்கும் பொறுமையாய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. அப்புறம், அதைச் சரிசெய்ய யாரைப் பிடிக்கணுமோ அவரைப் பிடிப்பது.

இரண்டாவது, நான் தண்டனை இல்லை. சில பள்ளிகளில், "சேட்டை பண்ணினா கவுன்சிலர்கிட்ட அனுப்பிடுவேன்!" என்று மிரட்டுகிறார்கள். முன்னே பூச்சாண்டி, அப்புறம் ஊசி போடுகிற டாக்டர், இப்போது நான். 2009-ல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, பிள்ளையை அடிக்கவும் கூடாது, மனசு நோகும்படி வதைக்கவும் கூடாது என்கிறது. பிரம்பைக் கீழே போட்டவர்கள் பிரம்புக்குப் பதிலாக என்னைக் கையில் எடுத்தால் எப்படி? பயந்துகொண்டு வருகிற பிள்ளை என்னிடம் எதைச் சொல்லும்?

சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளை, "எனக்கு டென்ஷனா இருக்கு மிஸ்" என்று சொல்லிவிடும். ஆறு வயசுப் பிள்ளைக்கு அந்த வார்த்தையே தெரியாது. அதுக்குத் தெரிந்த வார்த்தை ஒன்றுதான்: "வயிறு வலிக்கி."

திங்கட்கிழமை காலையில் வலிக்கும். சனி, ஞாயிறு வலிக்காது. உடனே நாம், "நடிக்கிறான், எல்லாம் பள்ளிக்கூடக் கள்ளம்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். தாய்மார்களே, அது நடிப்பு இல்லை. பயந்தால் வயிறு பிசையும். நமக்கே பஸ்ஸில் பர்ஸைக் காணோம் என்றால் அடிவயிறு கலங்குகிறதே, அந்த மாதிரி. வலி நிஜம். காரணம் மட்டும் வயிற்றில் இல்லை. நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று மறுபடி படுக்கையை நனைக்கிறது, நகத்தைக் கடித்துப் புண்ணாக்குகிறது, போன மாசம் வரை அரட்டை அடித்தது இப்போது வாயே திறப்பதில்லை. இதெல்லாம் அதுக்குத் தெரிந்த பாஷை.

அந்தப் பாஷையைக் கேட்டதும் நான் நேராக மனசுக்குப் போவதில்லை. முதலில் உடம்பு. கரும்பலகை தெரிகிறதா? காது கேட்கிறதா? காலையில் சாப்பிட்டதா? ராத்திரி தூங்கியதா? 'கவனமே இல்லை, பக்கத்தில் பார்த்து எழுதுறான்' என்று அனுப்பப்பட்ட ஒரு பையனுக்கு ஒரு கண்ணாடி போட்டதும் அவன் பிரச்சினை தீர்ந்தது. என் படிப்புக்கு அங்கே வேலையே இல்லை. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆகஸ்டில் அரசுத் தொடக்கப்பள்ளிகள் முழுவதற்கும் வந்தது. முதல் பீரியடிலேயே அழுகிற பிள்ளைகளை அதற்கு முன்னும் பார்த்தவள், பின்னும் பார்த்தவள் நான். உப்புமாவும் கிச்சடியும் செய்த வேலையை எந்தக் கவுன்சிலரும் செய்ய முடியாது.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு மூன்றாம் வகுப்புப் பையனிடம். அவனை அடையாளம் தெரியாதபடிதான் சொல்கிறேன், நீங்களும் தேடாதீர்கள். தினமும் இரண்டாவது பீரியடில் தூங்கிவிடுவான். எழுப்பினால் அடிக்க வருவான். டீச்சர் என்னிடம் அனுப்பினார், 'ஏதோ மனக்கோளாறு' என்று. நான் கேட்டேன்:

"ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குவே?"

"லைட்ட அமத்துன பொறவு."

"யாரு அமத்துவா?"

"அம்மா. பீடி முடிஞ்ச பொறவு."

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மடியில் தட்டு, தட்டில் இலை, தூள், நூல். காலையில் கடையில் கணக்கை ஒப்படைக்க வேண்டும், இல்லையென்றால் அந்த வாரக் கூலியில் துண்டு விழும். ஒரே அறை வீடு. ஒரே டியூப்லைட். அது அணைகிறபோது மணி பன்னிரண்டு, பன்னிரண்டரை. எட்டு வயசுப் பையன் அதுவரை அந்த வெளிச்சத்திலே புரண்டுகொண்டு கிடக்கிறான். இதில் மனக்கோளாறு எங்கே இருக்கிறது? லைட்டுக் கோளாறு!

அந்த அம்மாவைக் கூப்பிட்டு, "பிள்ளைக்குப் பத்து மணி நேரத் தூக்கம் வேணும்" என்று நான் பிரசங்கம் செய்திருந்தால், அவள் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய் அழுதிருப்பாள். பிள்ளைமேல் ஆசையில்லாமலா பன்னிரண்டு மணி வரை சுற்றுகிறாள்? அவளே பேசிப் பேசி, அவளே வழி சொன்னாள். எதிர்வீட்டில் தனியாக இருக்கிற பெரியம்மா. எட்டரை மணிக்குப் பையன் பாயைச் சுருட்டிக்கொண்டு அங்கே போய்ப் படுத்துவிடுவான். பெரியம்மாவுக்கும் ஒரு துணை. மூன்று வாரத்தில் இரண்டாவது பீரியடில் அவன் கண் திறந்திருந்தது. இதைச் சாதனை என்று சொல்லவில்லை. எதிர்வீட்டில் பெரியம்மா இல்லாத பிள்ளைக்கு என்ன செய்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

உடம்பு சரியாக இருந்தால் அப்புறம் மனசு. நான் மேஜை போட்டு உட்கார்வதில்லை. ஒரு பாய். களிமண், கிரேயான், பழைய காலுறையில் பொத்தான் தைத்து நானே செய்த இரண்டு பொம்மைகள். அமெரிக்காவில் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் என்ற அம்மையார், விளையாட்டு மூலமாகக் குழந்தையின் மனசைத் தேற்றுவதைப் பற்றி 1947-லேயே ஒரு புத்தகம் எழுதினார். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: குழந்தை முன்னே போகட்டும், நீ பின்னே போ. 'இதை வரை, அதை வரை' என்று சொல்லாதே. அது பொம்மையை அடித்தால் 'ஏன் அடிக்கிறே'ன்னு கேட்காதே. 'பொம்மைமேல உனக்கு ரொம்பக் கோபம் போலிருக்கே'ன்னு மட்டும் சொல்லு.

கேட்க லேசாக இருக்கும். செய்து பாருங்கள். ஐந்து நிமிஷம் பிள்ளையிடம் கேள்வி கேட்காமல், திருத்தாமல், பாராட்டக்கூடச் செய்யாமல் பக்கத்தில் இருந்து பாருங்கள். நம்மால் முடியாது. வாய் துறுதுறுக்கும்.

நடுவர்: எனக்கு ரெண்டு நிமிஷமே கஷ்டம்மா!

(சிரிப்பு)

உங்களுக்கு அது தொழில் சார்! ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். பிள்ளை வரைந்த படத்தை ஜாதகம் மாதிரி பார்த்துப் பலன் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கதவில்லாத வீடு வரைந்தால் இது, கையில்லாத ஆள் வரைந்தால் அது என்று. நான் புதிதாக வந்தபோது ஒரு பெண் குழந்தை தொடர்ந்து நாலு நாள் எல்லாவற்றையும் கறுப்பிலேயே வரைந்தது. கறுப்புச் சூரியன், கறுப்புப் பூ, கறுப்பு அம்மா. எனக்குப் படபடப்பு. ராத்திரி தூக்கமில்லை. ஐந்தாம் நாள் மெதுவாகக் கேட்டேன், "கண்ணு, ஏன் எல்லாம் கறுப்பா இருக்கு?" அது என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னது, "டப்பாவுல அது மட்டுந்தான மிச்சம் இருக்கு டீச்சர்!"

(பலத்த சிரிப்பு, கைதட்டல்)

அன்றைக்கே புது கிரேயான் வாங்கினேன். அன்றையிலிருந்து பலன் சொல்வதையும் விட்டேன். படம் பேசாது. படத்தைப் பற்றிப் பிள்ளை பேசும், அதைத்தான் கேட்கணும்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். வீடா, பள்ளியா? இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல பதில் ஒரு வெள்ளைக்காரர் வாழ்க்கையில் இருக்கிறது. கார்ல் ரோஜர்ஸ். கவுன்சிலிங் படிக்கிறவர்கள் எல்லாரும் படிக்கிற பெயர். அவர் 1928-லிருந்து 12 வருஷம் நியூயார்க் மாநிலத்து ரோச்செஸ்டர் நகரில் சின்னப் பிள்ளைகளிடம்தான் வேலை பார்த்தார். ஒரு அம்மா தன் முரட்டுப் பையனைப் பற்றி அவரிடம் வந்துகொண்டிருந்தாள். இவர் பெரிய படிப்பாளி இல்லையா, 'நீ சின்ன வயசில் இந்தப் பிள்ளையை ஒதுக்கினாய், அதனால்தான் இப்படி' என்று பல வாரம் பக்குவமாய் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். அந்த அம்மாவுக்கு ஏறவில்லை. கடைசியில், 'நம்ம ரெண்டு பேரும் முயற்சி பண்ணினோம், சரிப்படலை, முடிச்சுக்கலாம்' என்றார். அவளும் சரி என்று கைகுலுக்கிவிட்டு எழுந்தாள். வாசல் வரை போனாள். திரும்பினாள். "இங்கே பெரியவங்களுக்கும் கவுன்சிலிங் உண்டா?" என்று கேட்டாள். உண்டு என்றதும் வந்து உட்கார்ந்து, தன் கல்யாண வாழ்க்கையின் துயரத்தை எல்லாம் கொட்டினாள். அதுவரை சொன்ன எதிலும் இல்லாத நிஜம் அதில் இருந்தது. அவளுக்கு எங்கே வலிக்கிறது என்று அவளுக்குத்தான் தெரியும், நான் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும் என்று அன்று கற்றதாக ரோஜர்ஸே பின்னால் எழுதியிருக்கிறார்.

ரோச்செஸ்டர் எங்கே, புளியங்குடி எங்கே! ஆனால் எங்கள் பள்ளிக் கேட்டிலும் அதே அம்மா நிற்கிறாள். டிபன் கூடையை ஆயாவிடம் கொடுத்துவிட்டுப் போகாமல் நிற்பாள். "அவன் நல்லா இருக்கானா டீச்சர்?" என்பாள். இருக்கான் என்றால், "சரி" என்பாள். போக மாட்டாள். ரூமுக்குக் கூப்பிட்டால் வர மாட்டாள், நாலு பேர் பார்ப்பார்களே! ஆகவே நானே கேட்டுக்குப் போய் அவள் பக்கத்தில் நின்றுகொள்வேன். வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவோம். முகத்தைப் பார்த்தால் அழுகை வந்துவிடும், மரத்தைப் பார்த்தால் பேச்சு வரும். பிள்ளையின் வயிற்றுவலிக்கான காரணம் பலதடவை எனக்குக் கிடைத்தது என் ரூமில் இல்லை, அந்தக் கேட்டில்.

அதனால் வீட்டையும் பள்ளியையும் எதிரெதிர் பெஞ்சில் உட்காரவைத்த இந்தத் தலைப்பே எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது சார். பள்ளி அணியில் உட்கார்ந்திருக்கிறேன். என் வேலையோ ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்தக் கேட்டில்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை. சிரித்துப் பேசிக்கொண்டிருந்தேன், இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். என்னிடம் வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் நாளே சொல்வேன்: "நீ சொல்றதை நான் யார்கிட்டேயும் சொல்ல மாட்டேன், ஹெட்மாஸ்டர் கேட்டாலும். ஆனா உனக்கு ஆபத்துன்னாலோ, யாராவது உன்னை நோகடிக்கிறாங்கன்னாலோ சொல்லித்தான் ஆகணும். அப்பவும் உன்கிட்டே சொல்லிட்டுத்தான் சொல்வேன்." போக்சோ என்று பேப்பரில் படிக்கிறீர்களே, 2012-ல் வந்த அந்தச் சட்டத்தின் 19-வது பிரிவு இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால், தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும். மறைத்தால் ஆறு மாசம் வரை சிறைத் தண்டனை உண்டு. கவுன்சிலருக்கு மட்டும் இல்லை, உங்களுக்கும்தான்.

அந்த நேரத்தில் பெரியவர்கள் வருவார்கள். 'குடும்ப மானம்', 'நாளைக்குப் பொம்பளப் பிள்ளைக்கு மாப்பிள்ளை வேணுமே', 'நமக்குள்ளே பேசி முடிச்சுக்கலாம்' என்பார்கள். கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள். அவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை. "இந்தப் பிள்ளை எத்தனையோ நாள் யோசிச்சு, ஒருத்திகிட்டே சொல்லியிருக்கு. நானும் வாயை மூடிக்கிட்டா, இனிமே வாழ்நாள் பூரா யார்கிட்டேயும் எதையும் சொல்லாது" என்பேன். துருவித் துருவி விசாரிப்பது என் வேலை இல்லை. அதற்குப் பழகியவர்கள் இருக்கிறார்கள். பிள்ளை சொன்னதை நம்புவதும், 1098-க்குத் தகவல் சொல்வதும், பக்கத்தில் இருப்பதும் என் வேலை.

(கைதட்டல்)

இனி அந்த மாமாவின் கேள்வி. 'சின்னப் பிள்ளைக்கு என்ன கஷ்டம்?' நாடே அப்படித்தான் நினைக்கிறது. கவுன்சிலிங் என்றாலே பிளஸ் டூ ரிசல்ட், நீட் தேர்வு, மார்க். பள்ளிக்கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண் 2018-ல் வந்தது, பரீட்சை, மேற்படிப்பு பற்றிக் கேட்கவும் மனம் விட்டுப் பேசவும். மனநலத்துக்கென்றே 14416 என்ற எண் 2022-ல் வந்தது. ராத்திரி பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். எழுதிக்கொள்ளுங்கள், நல்ல விஷயங்கள். ஆனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போன் போடுமா?

இதை யோசிக்காமல் இல்லை. 1964-லிருந்து 66 வரை வேலை செய்த கோத்தாரி கல்விக் குழு, வழிகாட்டுதல் என்பது தொடக்கப்பள்ளியின் அடி வகுப்பிலேயே ஆரம்பிக்க வேண்டும் என்று அன்றைக்கே எழுதி வைத்தது. அறுபது வருஷம் ஆகிறது. நம் தமிழ்நாட்டில் 2013 வாக்கில் மனநல ஆலோசகரை ஏற்றிக்கொண்டு பள்ளி பள்ளியாய்ப் போகிற வேன்கள் விட்டார்கள். நல்ல யோசனை. அன்றைக்கு 32 மாவட்டம், வேன் பத்து. ஒரு வண்டிக்கு மூன்று மாவட்டம்! பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்த நேரத்தில் ஒரு குழந்தையிடம் நம்பிக்கை வந்துவிடுமா? பையன் வண்டியைச் சுற்றிப் பார்த்து முடிப்பதற்குள் வண்டி அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டும்.

2025 ஜூலை 25-ம் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பில் வழிமுறைகள் கொடுத்தது. விசாகப்பட்டினத்தில் நீட் படித்துக்கொண்டிருந்த 17 வயசுப் பெண் இறந்துபோன வழக்கு. அந்தத் தகப்பன் படி ஏறி ஏறிப் போராடி வாங்கிய தீர்ப்பு. 100 பிள்ளைகளோ அதற்கு மேலோ படிக்கிற ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும், பயிற்சி பெற்ற ஒரு ஆலோசகராவது இருக்க வேண்டும் என்றது. நூற்றுக்குக் குறைவாக இருந்தால் வெளியில் உள்ள மனநல நிபுணர்களோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. தனியே ஒரு சட்டம் வரும்வரை இதுவே சட்டம். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். ஆனால் பாருங்க, எங்கள் பக்கத்துச் சின்ன ஊர்களில் தொடக்கப்பள்ளி என்றால் நாற்பது பிள்ளை, ஐம்பது பிள்ளை, இரண்டு டீச்சர். அந்த 100 என்ற கோடு சரியாக எங்கள் தலைக்கு மேலே போகிறது! 'வெளித் தொடர்பு' என்றால் மலையடிவாரத்து ஊரிலிருந்து எந்த பஸ் பிடித்து, யார் கூட்டிக்கொண்டு, யாரிடம் போவது? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எந்தத் தாய் வருவாள்? நாலைந்து பள்ளிக்குச் சேர்த்து ஒரு ஆளைப் போடலாமே. வாரத்தில் ஒரே கிழமை, ஒரே முகம். பிள்ளைக்குத் தேவை அதுதான். அமெரிக்காவில் பள்ளி ஆலோசகர் சங்கம் 250 பிள்ளைக்கு ஒருவர் வேண்டும் என்கிறது. அந்தக் கணக்கை நம்ம ஊருக்கு மாற்றினால் ஐந்து சின்னப் பள்ளிக்கு ஒருவர், அவ்வளவுதான் நான் கேட்பது.

நடுவர்: ஒரே ஒரு கேள்வி. டீச்சராவே இருந்திருக்கலாமே, ஏன் இந்த வேலைக்கு வந்தீங்க?

எதிர்பார்த்தேன் சார். எனக்கு மூன்றாம் வகுப்பில் அப்பா தவறிப் போனார். நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். வீட்டில் எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள், யாரும் கவனிக்கவில்லை. பள்ளியில், 'நல்ல பிள்ளை, சத்தமே போடாது' என்று சந்தோஷப்பட்டார்கள். சத்துணவு வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. சமையல் செய்கிற ஆயா ஒருத்தி என்னைக் கூப்பிட்டு, முறத்தைக் கையில் கொடுத்து, "கல்லு பொறுக்கு" என்றாள். தினமும் மத்தியானத்துக்கு முன்னால் அரிசியில் கல் பொறுக்குவேன். அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. 'அப்பா சாமிகிட்ட போயிட்டாரு' என்கிற வசனம் எல்லாம் பேசவில்லை. எத்தனை நாள் போனதோ தெரியவில்லை. ஒரு நாள் நானே, "எங்கப்பா இப்படித்தான் வேர்க்கடலை உரிப்பாரு" என்றேன். அவள் அரிசியைப் புடைத்துக்கொண்டே, "அப்படியா, எப்படி உரிப்பாரு?" என்றாள். அவ்வளவுதான் சார். அந்த ஆயா எந்தக் காலேஜிலும் படித்தவள் இல்லை. நான் எம்.எஸ்.ஸி. படித்து முடித்தபோதுதான் அவள் செய்தது என்ன என்று எனக்குப் பெயர் தெரிந்தது.

எல்லாப் பிள்ளையும் அப்படிப் பேசிவிடுவதில்லை. போன வருஷம் ஒரு பையன், இரண்டாம் வகுப்பு. நாலு மாசம் என் பாயில் வந்து உட்கார்ந்து களிமண்ணில் மாடு மட்டும் செய்வான். ஒரு வார்த்தை கிடையாது. அஞ்சாவது மாசம் ஒரு புதன்கிழமை, "இந்த மாட்டுக்குப் பேரு இருக்கு" என்றான். "என்ன பேரு?" என்றேன். "அடுத்த வாரம் சொல்லுதேன்" என்றான். அடுத்த புதன்கிழமை அவன் வரவில்லை. குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டார்கள். டி.சி. போயிற்று, மார்க் போயிற்று. எந்தப் பள்ளி என்று விசாரித்தேன். இரண்டு நம்பர் கிடைத்தது, இரண்டும் எடுக்கவில்லை. மாடு என் அலமாரியில் இருக்கிறது. ஒரு கொம்பு உடைந்துவிட்டது, ஒட்டி வைத்திருக்கிறேன்.